கீழ்ப் பெட்டியைக் கெடுத்தது யார்

ஒக்டோபர் 18, சனி

காலையில் மழை, பிறகு ஆலங்கட்டி. நிலவறைத் துப்புரவு. மாதக் கடைசிக்குள் இந்த வீட்டை விட்டு ஹவுகெட்டோவில் மகளின் வீட்டில் போய் இருக்க வேண்டுமாம்.

நின்றவர்கள்: நான். மகள் சுதா. மருமகன் ஜெயன் (நின்றது மட்டும்தான், ஒன்றும் தூக்கவில்லை). பேத்தி மாயா. இவருடைய (என் மனிசனின்) தங்கச்சி பவளம், கூப்பிடாமல் வந்தது. வராதவன் மகன் ரஞ்சன், நாட்டின் மற்றக் கரையில், ஸ்தவாங்கரில். தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்து கடமையைச் செய்துவிட்டு அடுத்த நாளே போனவன்.

எறிந்தவை: இரண்டு சூட்கேஸ், வீடியோ கசட் ஒரு மூட்டை, துருப்பிடித்த இடியப்ப உரல்.

எறியாதது: ரஞ்சனின் கேம் மெசின். மேலே ஒரு பெட்டி, அதற்கு அடியில் பொருத்திப் பூட்டுகிற சீடிப் பெட்டி.

"அம்மம்மா, இது இப்ப ஒருத்தரிட்டையும் இல்லை!" மாயா துள்ளினாள்.

"அப்பவும் கனபேரிட்டை இல்லை. கீழ்ப் பெட்டி பழுது. எறி."

பவளம் சிரித்தாள். "ரஞ்சன் தொட்டு உடைச்ச சாமானெல்லே. அண்ணை எத்தினை தரம் சொல்லிச் சிரிச்சவர்."

அந்தச் சிரிப்பை முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

ஒன்றும் மறக்கவில்லை. பதினாலு வயதில் ரஞ்சன் விடிய வீடு வீடாகப் பேப்பர் போட்டு, அந்தக் காசில் வாங்கினான். இனி எல்லாம் சீடிதான், ஆட்கள் படத்தில் வருகிற மாதிரியே வருவார்கள் என்று விளம்பரம். வந்தார்கள். முத்திரை அளவில், புழுதிக் காற்றுக்குள் நிற்கிறவர்கள் மாதிரி. ஆனாலும் கட்டடத்துப் பொடியள் முழுக்க எங்கள் கம்பளத்தில். ஐந்து கிழமை ஒரே விளையாட்டு. ஒருநாள் கீழ்ப் பெட்டியின் சிவப்பு லைட் பற்றவில்லை.

"நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா."

"இவன்ரை கை பட்டால் எதுவும் உருப்படாது" என்றார் இவர். பள்ளிக்கூடக் கட்டடம் பராமரிக்கிற வேலை இவருக்கு. பல்பு, வயர் எல்லாம் தெரிந்த மனிதர். நம்பினேன். நானும் அதையே சொன்னேன். பிறகு பிறந்தநாள், கலியாணம், எங்கே போனாலும் இவருக்கு அதுதான் பகிடி.

எலக்ட்ரோனிக் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை. அதோடு விட்டான். இப்போது எண்ணெய்க் கொம்பனி கன்டீனில் சமையல். வீட்டில் பல்பு மாற்றுவதும் பெண்சாதிதான்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

குளிர். கால் வீக்கம். மரவள்ளி அவித்தது. பவளம் இன்னும் போகவில்லை.

மாயா சாப்பாட்டு மேசையில் வைத்துக் கீழ்ப் பெட்டியைத் திறந்தாள். "அம்மம்மா, இது பழுதாகேல்லை. ஆரோ வெட்டியிருக்கினம்."

ஒரு வயர், நடுவில் வெட்டு. இரண்டு முனையிலும் கறுப்பு டேப். டேப்பின் நுனியை ஒட்டாமல் காது மாதிரி மடித்து விட்டிருந்தது, பிறகு உரிக்கச் சுகமாக.

அப்படி மடிக்கிற ஆள் ஒருவர்தான். குளிர்பெட்டி வயரிலும் என் மூக்குக் கண்ணாடிக் காம்பிலும் அதே மடிப்பு.

பவளமும் கண்டுவிட்டாள். "பிள்ளை படிக்கட்டும் எண்டு செய்திருப்பார், மச்சாள். நன்மைக்குத்தான்."

"நன்மைக்கு வெட்டினவர், நான்தான் வெட்டினனான் எண்டு சொல்லியிருக்கலாமே. பொடியனை ஏன் சனத்துக்கு முன்னாலை நாறடிச்சவர்?"

"செத்த மனிசன்..."

"செத்து இரண்டு மாசம். அதுக்கு முதல் முப்பது வருசம் வாயோடைதானே இருந்தவர்."

சோறு போட்டேன். அவள் சாப்பிடவில்லை. நல்லது.

மாயா டேப்பை உரித்து வயரை முறுக்கிக் கரண்ட் கொடுத்தாள். சிவப்பு லைட் பற்றியது.

பொடியனின் பள்ளிக்கூடச் சோதனை முடிய வயரைத் திரும்பப் பூட்ட நினைத்திருப்பார், அதற்குத்தான் அந்த டேப். அதற்குள் பெட்டியின் கதையே முடிந்தது. சனம் வாங்கவில்லை, செய்த கொம்பனி அடுத்த மெசினுக்கு ஓடியது, சீடிகள் கடை வாசலில் கூடைக்குள். அதன் நல்ல காலம் முழுக்க எங்கள் வீட்டில் செத்துக் கிடந்தது. பிறகு எதற்குப் பூட்டுவது, எதற்கு வாய் திறப்பது. பகிடியை விடத்தான் மனம் வரவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வெயில், ஆனால் கையுறை வேண்டும். பிரஷர் குளிசை முடிகிறது.

ரஞ்சனுக்குப் போன் எடுத்தேன். முழுவதும் சொன்னேன். பின்னால் கன்டீன் தட்டுகளின் சத்தம்.

"லைட் பத்தினதே?"

"ஓம். சிவப்பு."

"அப்பவே சொன்னனான் அம்மா."

"சொன்னனீ. நான்தான் கேக்கேல்லை."

"சரி. வேலையிலை நிக்கிறன்." வைத்துவிட்டான்.

பின்னேரம் பவளம் தன் வீட்டிலிருந்து எடுத்தாள். இவருடைய படத்துக்கு விளக்கு வைத்தீர்களா என்று. வைக்கவில்லை. அவள் சிரித்தவள், அவ்வளவுதான், அவளோடு கதைப்பேன். என் பிழையை என் பிள்ளையிடம் சொல்லியாயிற்று.

கட்டின நாளில் இருந்து இவருடைய பெயரை நான் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் மகள் சொல்லட்டும் என்று அவளைக் காட்டுவேன். மரியாதை. இன்று அந்தப் பெயரை என் கையாலேயே எழுதுகிறேன். இவரை மன்னிக்க மாட்டேன். சின்னத்தம்பி சிவபாதம்.