ஆஸ்திரேலியாவுக்கு ஒருத்தி, கிடைக்கு ஒருத்தன்

அன்புள்ள மச்சான்,

கொத்தமங்கலத்தில் நான் ஆட்களுக்குச் சுற்றிக்காட்டுகிற பெரிய வீட்டைப் பார்க்க இன்று காலை ஒரு வெளிநாட்டுக்கார அம்மா வந்தார். பக்கத்தில் வந்து நின்றவர் மூக்கைச் சுளித்து, இது என்ன வாசனை என்று கேட்டார். நேற்று ஒரு கிடாயின் குளம்புப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டேன். பாதி குளம்புக்குப் போனது, பாதி என் சட்டைக்கு. ஆட்டு வாடையும் வேப்பெண்ணெயும் கலந்த அந்த மணம் உங்களுடையது. அதை நான் விட்டுக்கொடுப்பேனா? "அந்தக் காலத்து ராஜாக்கள் பூசிய அத்தர் அம்மா, இப்போது உலகத்தில் எங்கும் கிடைக்காது" என்றேன். அந்த அம்மா இன்னொரு தடவை ஆழமாக மோந்து பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் தூணுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும் வாசற்படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், முகப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன், மறுபடி உட்கார்ந்தேன். இதை ஒரே இடத்தில் இருந்து எழுதுவேன் என்று தோன்றவில்லை. நடுவில் கையெழுத்து ஆடினால் திருப்பத்தூர் பஸ்ஸைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

சங்கதி இதுதான். உங்கள் மகள் மீனாவுக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர் வேலை தருகிறேன், விசாவுக்கும் நானே பொறுப்பு என்று சொல்லிவிட்டார். வருகிறாளா இல்லையா என்று இன்று பொழுது சாய்வதற்குள் அவள் பதில் எழுத வேண்டும். அவள் போய்விட்டால் இங்கே மந்தையோடு அக்கா தனியாக நிற்பாள். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. பகலில் மேய்த்துவிடுவாள், ராத்திரி ஆட்டை வயலில் அடைத்துக் கிடை காக்க முடியாது. ஆட்டை விற்றால் அவளுக்குப் பிழைப்பு ஏது? "நம்பி ஒரு ஆளு கிடைக்கு நிக்காம நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன்" என்று மீனா சொல்லிவிட்டாள். முந்தாநாள் அதைக் கேட்டு நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஆளா? நான் ஒருத்தன் ஒரு பட்டாளத்துக்குச் சமம்ல!" என்று முழங்கிவிட்டேன். அவள் அதை நம்பிவிட்டாள் மச்சான்.

எல்லாம் உங்களால் ஆரம்பித்தது. மீசை நரைத்த பிறகு ஒரு நாள் வந்து நின்று, "மாப்ள, ஆடு மேய்க்கவும் வெளிநாட்டுல விசா தர்றாகளாம்ல, கேட்டீகளா?" என்றீர்கள். நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நான் யார்? ஆஸ்திரேலியாவில் ஒரே ஓர் ஆட்டின் ரோமத்தைக் கத்தரித்தால் சிவகங்கை மாவட்டத்துக்கே மெத்தை தைக்கலாம் என்றேன். பண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ரெண்டு பஸ் மாற வேண்டும் என்றேன். நம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி ரோமம் கிடையாது, உடம்போடு ஒட்டிய முடிதான். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஆட்டுல வெட்டுனா உங்க மீசைக்கு ஒட்டுப் போடக்கூடக் காணாது மாப்ள" என்றீர்கள்.

பிறகு காரைக்குடியில் விசா ஆலோசனை சொல்கிற கடைக்குப் போனோம். ஏசி குளிரில் நீங்கள் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டதும், கழுத்துப்பட்டை கட்டிய அந்தத் தம்பி மிரண்டதும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று வழி உண்டு என்றார். வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தனியாகப் போவது ஒன்று. கிராமப்புறத்துக்கு ஆள் தேவை என்று அங்குள்ள ஒரு மாநிலம் முன்மொழிந்து கூப்பிடுவது ஒன்று. பண்ணை முதலாளியே பொறுப்பேற்று அழைப்பது இன்னொன்று. எதில் போனாலும் தொழில் தெரியுமா, ஆங்கிலம் தெரியுமா என்று சோதிப்பார்களாம். ஆட்டுப் பண்ணையாளர் என்று தொழில் பட்டியலில் தனியாகவே போட்டிருப்பதைத் திரையில் காட்டினார். நீங்கள் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தீர்கள். டாக்டர், இன்ஜினியர் இருக்கிற வரிசையில் நம் பிழைப்பும் உட்கார்ந்திருந்தது.

"உங்க பண்ணையோட அட்ரஸ் சொல்லுங்க சார்" என்றார் அந்தத் தம்பி.

"இன்னைக்கு உள்ளதா, நாளைக்கு உள்ளதா?" என்றீர்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காக ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போடுவதையும், ரெண்டு நாளில் அடுத்த வயலுக்குப் பெயர்வதையும் நீங்கள் விளக்க விளக்க, அவர் முகம் ஊரே பெயர்ந்து போனதைப் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டது. நான் விடவில்லை. முகவரிக்கா பஞ்சம் என்று, மறுநாளே உங்கள் ஆடுகளில் கொஞ்சத்தைக் கொத்தமங்கலத்துக்கு ஓட்டிவரச் செய்து, பெரிய வீட்டின் முகப்பில் நிறுத்திப் போட்டோ எடுக்கப் பார்த்தேன். தேக்குக் கதவையும் அண்ணாந்து பார்க்க வைக்கிற வளைவுகளையும் நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"ஏன் மாப்ள, இதப் பாத்தா வெள்ளக்காரன் எனக்கு விசா தருவானா, இல்ல எங்கிட்ட கடன் கேப்பானா?"

ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கு எந்த வயலில் கிடை இருந்ததோ அங்கேயே நின்று எடுத்த படத்தைத்தான் கொடுத்தீர்கள்.

ஆனால் படத்தைப் பார்க்கும் முன்னால் அந்தத் தம்பி வயதைக் கேட்டார். பெரும்பாலான வழிகளில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை என்றார். "ஏன், அதுக்கு மேல ஆனவன அங்க ஆடு மதிக்காதாமா?" என்று கேட்டீர்கள். நானும் அவரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்று துண்டை அவிழ்த்தீர்கள். "மீனா வேளாண்மை படிச்சிருக்கா. படிப்பு முடிஞ்ச நாள்லருந்து எங்கூடக் கிடையிலதான் கெடக்கா. வயசும் இருக்கு. அவளுக்கு ஆகும்ல மாப்ள?" என்றீர்கள். ஆசை அப்பனிடமிருந்து மகளுக்குப் போனதை நான் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன்.

இப்போது கிடைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் இருக்கிறேன். எனக்கு ஜன்னலோரம், மடியில் யாரோ ஒருவருடைய பூசணிக்காய். பிள்ளையார்பட்டிக்குப் போகிற கூட்டம் இறங்கினால்தான் காலை நீட்ட முடியும்.

நீங்கள் கடைசியாக என்னோடு பேசியது நினைவிருக்கிறதா? ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு, "அங்க ஆட்டுக்கு என்ன பாசையில சத்தம் கொடுக்கணும் மாப்ள? நம்ம சத்தம் புரியுமா?" என்று கேட்டீர்கள். அங்கே குட்டிகூட இங்கிலீஷில்தான் கத்தும் என்றேன். அடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். சரியான பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சரியான பதில் எனக்குத் தெரியாதே.

மீனா விடவில்லை. வயல்காரர்கள் ஒவ்வொருவரும், எங்கள் வயலில் இந்தப் பெண் கிடை போட்டாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். நமக்கு முகவரி அப்படித்தான் கிடைத்தது. பண்ணைக்காரர் வீடியோவில் பேசினார். கம்பளி கத்தரிக்கத் தெரியுமா என்று கேட்டார். நான் போனுக்குப் பின்னால் நின்று, பத்தாயிரம் ஆட்டுக்குக் கத்தரித்தவள் என்று சொல்லச் சொல்லிக் கையை விரித்து நடித்தேன். அவளோ, "எங்கள் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, நான் கத்தரித்ததே இல்லை, கற்றுக்கொள்வேன். ஆடு ஈனும்போது குட்டி எடுப்பேன், குளம்பு பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு, மந்தையைக் காட்டப் போனைத் திருப்பினாள். திரையில் கையை விரித்தபடி நான்! அவரும் ஆட்டு வேலை பார்க்கிறாரா என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

"இல்லை, அவர் என் மாமா. பேசுவார்" என்றாள் உங்கள் மகள்.

இந்த விசாவில் புருசனைக் கூட்டிப் போகலாம், பிள்ளையைக் கூட்டிப் போகலாம், அம்மாவுக்கு இடமில்லையாம். அக்கா அதைக் கேட்டதும், "அப்ப ஒரு புருசனக் கட்டி, அவன இங்க ஆடு மேய்க்க விட்டுட்டுப் போடி" என்றாள். மீனா சிரித்தாள், அழுதாள், ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆக, ஆள் நான்தான். உங்களுக்குத் தெரியாததா? மைசூரில் ஊதுபத்தி விற்றேன், ஓடி வந்தேன். திருப்பூரில் பனியனுக்குப் பொத்தான் வைக்கப் போனேன், பனியனுக்கு ஏது பொத்தான் என்று திரும்பி வந்தேன். சிங்கப்பூர் போகிறேன் என்று மாலை போட்டுக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் போனேன். உட்கார்ந்த இடத்தில் உட்காராதவனுக்குப் பெண் கொடுக்கவும் எவரும் வரவில்லை. கிடை காப்பவன் ஒரு ராத்திரிகூட நகர முடியாது. தெருநாய் வரும், திருடன் வருவான், மழை வரும். நேற்று உங்களை மாதிரி சத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஆடுகள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அசைபோட்டன. அக்கா ஒரு குரல் கொடுத்தாள், மொத்தமும் எழுந்தது.

இது வரப்பில் உட்கார்ந்து எழுதுவது. பஸ்ஸில் வரும்போது பெரிய பேச்சு ஒன்று தயார் செய்திருந்தேன். ஆறு, மலை, சூரிய சந்திரர் எல்லோரையும் சாட்சிக்கு இழுத்திருந்தேன். மீனா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் தொண்டையைச் செருமியதுமே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாமா, கத வேணாம். இருப்பீகளா, மாட்டீகளா? மாட்டேன்னாலும் நான் கோவிச்சுக்கிற மாட்டேன். பொய் மட்டும் சொல்லாதீக."

ஆடுகளை வளைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை. ஆனால் அவள் கையில் இருந்த கம்பு நின்றுவிட்டது.

"இருப்பேன்" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் அக்கா.

"அம்புட்டுத்தான்."

மீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து, வருகிறேன் என்று பண்ணைக்காரருக்கு எழுதி அனுப்பினாள். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாயப் பாத்துக்கிட்டு நிக்காம அங்குட்டுப் போயி மறிடா" என்றாள். போய் மறித்தேன். ரெண்டு ஆடு என்னைத் தாண்டி ஓடிவிட்டன, மற்றவை நின்றன.

நான் என்ன பேசினாலும் பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்திலும் பாதியைத்தான் காதில் வாங்குவீர்கள் மச்சான். இந்தத் தடவை தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறேன். அது இப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியாது. தோள் மாற்றித் தோள் வைத்துப் பார்க்கிறேன். உட்காரவும் விடமாட்டேன் என்கிறது, இறக்கி வைக்கவும் மனசு வரவில்லை.