ரேடியேட்டரில் மஞ்சள்பொடி

1958 ஜூன் 10, செவ்வாய்
விடாத மழை. ஆபீசுக்கு நடை. காரின் ரேடியேட்டர் ஒழுக்கு அதிகம். ராத்திரி வைத்த தட்டில் காலையில் அரைத்தட்டு தண்ணீர். சனிக்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மீனாட்சிக்கு இடது கால் சின்ன வயசிலிருந்தே ஊனம், பஸ் படி ஏற முடியாது. திருப்பூணித்துறையில் மாமியாருக்குப் பார்வை போய்விட்டது. வாரம் ஒரு எண்ணெய்க் குளி, அது மகள் கையால்தான்.

12, வியாழன்
படகுக் கடவுப் பக்கம் சாயாக்கடை. கார் வைத்திருக்கும் நாலு பேரும் கூடினோம். ஆளுக்கொரு வைத்தியம்.
டாக்டர்: முட்டை வெள்ளைக்கரு. (நம் வீட்டில் நடக்காது.)
மெக்கானிக் ஹம்சா மேஸ்திரி: கழற்றி ஈயம் வைக்கணும், நாலு நாள்.
கொப்பரை வியாபாரி ஜோசப் சேட்டன்: "மஞ்சப்பொடி போட்டா மதி, அது போதும் சாமி. என் வண்டி ரெண்டு வருஷமா அதிலயாக்கும் ஓடுது."
அவருடையதும் என்னுடையதும் ஒரே மாடல், 39. மஞ்சள் என்று முடிவு. நாலு நாளுக்கு ஏது நேரம்?

14, சனி
மூன்று கரண்டி போட்டேன். ஒழுக்கு நின்றது. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.
தோப்பும்படிப் பாலம் தாண்டியதும் ஆவி. உள்ளே மஞ்சள் சேறாகி அடைத்திருக்கிறது. மீனாட்சி பின் சீட்டிலிருந்து, "அம்மா எண்ணெய் காய்ச்சி வெச்சுண்டு உக்காந்திருப்பா. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கோளேன்." பக்கத்து ஓட்டலில் ஒரு வாளி பச்சைத்தண்ணீர். ஆற விடணும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும். ஊற்றினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம்.
லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

17, செவ்வாய்
ஹம்சா விரலை வைத்துக் காட்டினார். இஞ்சின் பிளாக்கில் ஒரு சாண் விரிசல்.
"பொட்டிப்போச்சு சாரே. இனி ஒண்ணும் செய்யான் இல்ல."
வேறு பிளாக்?
"சீமையிலேர்ந்து வரணும். இப்ப எவன் விடறான்?"
மதராசுக்கு ஒன்று, பம்பாய்க்கு ஒன்று, கடிதம் போட்டேன். மீனாட்சியிடம், பதில் வரட்டும் என்றேன். "நான்தானே அவசரப்படுத்தினேன்" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

29, ஞாயிறு
இரண்டு பதிலும் வந்தாயிற்று. இறக்குமதி நிறுத்தம். வருந்துகிறோம்.
சாயங்காலம் ஜோசப் சேட்டன் வந்தார். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வண்டிக்குக் கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டதாம். "உங்களுது சும்மா துருப்பிடிக்கும். எனக்குத் தா சாமி. சனிக்கிழமைதோறும் மீனாட்சி சேச்சியை நான் கொண்டுபோறேன். சத்தியம்."
உள்ளே மீனாட்சியைப் பார்த்தேன். தலையாட்டினாள்.

ஜூலை 6, ஞாயிறு
ஜோசப் சேட்டனின் ஆட்கள் வந்து கழற்றினார்கள். கியர்பாக்ஸ், பின் அச்சு, டைனமோ, இரண்டு கதவு. கதவுகள் பேச்சில் இல்லை. மிச்சம் வாசலில் செங்கல் மேல் நிற்கிறது. காக்கை எச்சம். குடை ரிப்பேருக்குக் கொடுக்கணும்.

12, சனி
ஜோசப் சேட்டன் சொன்னபடி எட்டு மணிக்கு வந்தார். போனோம். மாமியார் மகள் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஐந்து வாரமாயிற்றே. மத்தியானம் எண்ணெய் வாசனையோடு திரும்பினோம். வழியெல்லாம் சேட்டன் தன் வண்டியின் புது இழுப்பைப் பற்றியே பேச்சு. மீனாட்சி "ஆமா, நன்னா இழுக்கறது" என்றாள்.

19, சனி
ஏழு மணிக்கே புடவை மாற்றி, சீயக்காய்ப் பொட்டலம் மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு. ஒன்பது. பத்தேகாலுக்கு பஜார் ரோட்டில் கார் சத்தம்.
"ஏன்னா, நம்ம கியர்பாக்ஸ்தான் அது. ரெண்டாவதுலேர்ந்து மூணாவது மாத்தறச்சே அப்படித்தான் முனகும்."
தெரு முனையில் சத்தம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. நேராகப் போயிற்று, இடக்கொச்சிப் பக்கம்.
"ஏதோ ஜோலி இருக்கும்" என்றாள். இன்னும் அரைமணி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

21, திங்கள்
ஜோசப் சேட்டனை பஜாரில் பார்த்தேன். அவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். ஆபீசில் தலைவலி.
அவள் அம்மாவுக்குக் கார்டு, பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்வார். மீனாட்சி சொல்லச் சொல்ல எழுதினேன். க்ஷேமம். மாத்திரையை விடாமல் சாப்பிடவும். வண்டி ரிப்பேரில் இருக்கிறது, ஆனதும் வருகிறோம்.