வலப்பக்க எல்லை

இல்லை, உங்கள் கையின் அளவை இன்னும் அழிக்கவில்லை. இன்றைக்கு அழித்தாக வேண்டும்.

அலமாரியிலிருந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தபோது அதன் பிடியில் தைல வாசனை இருந்தது, அப்பா. உங்கள் வலது தோளில் அம்மா தேய்த்துவிடும் தைலம். ரப்பர் அதை விடவில்லை. முகர்ந்தேன். பிறகு கணினியில் செருகினேன்.

வலது கையைப் பக்கவாதம் தாக்கி, லாரியை விற்ற பிறகு நீங்கள் கேட்டது ஒன்றுதான். ஓட்ட வேண்டும். மருத்துவர் தந்த ரப்பர் பந்தைத் தொடவில்லை. “நாமக்கல்லுல பொறந்துபோட்டு பந்து பெசையறதா?” என்றீர்கள். அதனால்தான் லாரி ஓட்டும் விளையாட்டையும் இந்த ஜாய்ஸ்டிக்கையும் வாங்கி வந்தேன்.

முதல் நாள் அம்மா எலுமிச்சம்பழங்களோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, இத எங்க வெக்கறது? டயரே இல்லியே.”

“மேசைக்குக் காலு இருக்குதல்ல? முன்னாடி ரெண்டுக்கும் வையி.”

மேசையை நகர்த்தி நான்தான் நசுக்கினேன். அதன் பிறகே உட்கார்ந்தீர்கள்.

இடது கைக்கு மாற்றித் தருகிறேன் என்றேன்.

“எடது கை கியருக்கு, கண்ணு.”

அளவு பதியும் திரை வந்தது. குச்சியை எல்லாப் பக்கமும் கடைசிவரை தள்ளச் சொன்னது. எது முழுத் திருப்பம் என்று கணினி அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. முன்னே போயிற்று. பின்னே, இடப்பக்கம், போயிற்று. வலப்பக்கம் பாதி வழியில் நின்றது. உங்கள் விரல்கள் வெளுத்தன. நான் கை நீட்டினேன்.

“கைய எடு. ஓட்டறது நானா, நீயா?”

எடுத்தேன். உங்கள் கை நின்ற இடத்தையே எல்லை என்று பதிந்தேன். கணினி நம்பியது. அன்று ஒரு வளைவில் லாரி வலப்பக்கம் முழுதாகத் திரும்பியது. ஹாரன் அடித்தீர்கள். எதிர்வீட்டு நாய் குரைக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

இப்போது நீங்கள் இல்லை. நேற்று அம்மா கேட்டாள், “அந்த வண்டிய நானும் ஓட்டோணும்.”

உங்கள் லாரியில் அவள் ஏறியது திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகும்போது மட்டும். அதுவும் ஓரத்து இருக்கையில். இன்று காலை திரைக்கு முன் உட்கார்ந்தாள். வலப்பக்கம் பாதிதான் தள்ளினாள். உங்கள் அளவில் அதுவே முழுத் திருப்பம். லாரி கவிழ்ந்தது. மறுபடியும் கவிழ்ந்தது.

“செத்தும் சாவியக் குடுக்க மாட்டேங்கறாரு பாரு உங்கப்பா.”

சிரித்தோம். அப்புறம் சொன்னேன். இதில் ஒரு கையின் அளவுதான் இருக்க முடியும். புதிதாகப் பதிந்தால் அப்பாவுடையது போய்விடும். உங்கள் சட்டைகள் இருக்கின்றன, கையெழுத்து இருக்கிறது. உங்கள் கை நின்ற அந்தப் பாதி வழி வேறெங்கும் இல்லை.

அம்மா ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “அப்படீன்னா உட்ரு சாமி. நான் பழகிக்கறேன்.”

பழகிக்கொள்வாள். காலமெல்லாம் உங்கள் அளவுக்குப் பழகிக்கொண்டவள்தானே. அதனால்தான் முடிவு செய்தேன். உங்கள் கைக்கு எது எல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அவள் கைக்கு அவள் சொல்லட்டும். அப்படிக் கேட்டு அளக்க உங்கள் பக்கத்தில் நின்றுதான் பழகினேன். அளவு போனாலும் அந்தப் பழக்கம் என்னிடம் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வலப்பக்கம் தள்ளினாள், கடைசிவரை. பதிந்தேன். பிறகு பிரேக் எது என்று காட்டினேன்.