சட்டைப் பொத்தான்

டாஃபின், மானிட்டோபா
பிப்ரவரி, திங்கள்

மைரனுக்கு,

உன் அண்ணி லெசியா எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ அனுப்பிய கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன் ஒரெஸ்டின் மாற்றுத்திறனாளி வரிச்சலுகையை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு, அவரை அறிந்த யாராவது உள்ளதை எழுதித் தரட்டும் என்றார் வக்கீல். உன்னைக் கேட்டேன். நீ எழுதியிருப்பது என்ன? அண்ணனைப் போல உழைப்பாளி இந்த மாகாணத்திலேயே இல்லையாம், இன்றும் யார் தயவையும் எதிர்பார்க்காதவராம். இதைக் கல்லறைக் கல்லில் வெட்டலாம், வரி அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது.

முதல் விண்ணப்பமும் இந்த வீம்பால்தான் கெட்டது. டாக்டரைப் பார்ப்பதென்றாலும் உங்கள் வீட்டு ஆண்களுக்கு இஸ்திரி போட்ட சட்டை, டை, மெருகேற்றிய பூட்ஸ் வேண்டும். விடியுமுன் எழுந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டவள் நான். டாக்டர், "எப்படி இருக்கீங்க ஒரெஸ்ட்?" என்றார். நடுக்குவாதக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "குறை சொல்ல ஒண்ணுமில்ல டாக்டர், நீங்க சௌக்கியமா?" என்கிறார் இவர். நான் வாயைத் திறந்தால், "அவ எதையும் ஊதிப் பெருசாக்குவா" என்று சிரிக்கிறார். உடுத்துவதில் சிரமமில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார்.

சலுகை கிடைத்தால் காலை நேரத்துக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். அவரைத் தூக்கித் தூக்கி என் தோள் போய்விட்டது. நானும் விழுந்தால் அவரைப் பராமரிப்பு விடுதியில்தான் சேர்க்க வேண்டும். அப்போதும் உன் பெருமை வந்து அவருக்குச் சோறூட்டுமா?

நம் பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் கிறிஸ்துமஸுக்கு வந்தாயே. தேவாலயத்துக்குக் கிளம்பும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டாய். பூட்ஸ் கயிறும் நீதான் கட்டினாய். வெளியே வந்து, கண்ணில் தூசி என்றாய். வாசல்வரை பனி மூடிக் கிடக்கும் மாதத்தில் ஏது தூசி?

உன்னை ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்று தெரியாமல் நேற்று அவர் சொன்னார்: "மைரன்கிட்ட மட்டும் கேக்காத. அவனுக்கு நான் இன்னும் பழைய அண்ணனாவே இருந்துட்டுப் போறேன்." அதனால் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

சாத்திய கதவுக்குள் நீ பார்த்ததை எழுது. வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும். எழுதாவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்த வாசலை மிதிக்காதே.

உன் விரல்களைக் கடவுள் கடைசிவரை உன் சொல்படி நடக்க வைக்கட்டும். இந்த ஒரு தடவை அவற்றை உன் அண்ணனுக்குக் கொடு.

லெசியா