உடையாத சமச்சீர்

கட்டுகஸ்தோட்டை,
12.11.2025

அன்புள்ள ஜனகனுக்கு,

நானும் மாமாவும் சுகம் என்று எழுதினால் பாதி பொய். மாமாவுக்கு மூச்சிரைப்பு கூடியிருக்கிறது. ஆனாலும் பஸ் ஏறிக் கண்டி மார்க்கெட்டுக்குப் போய், தன் மகன் காந்தத்தில் புதிதாக ஒன்று கண்டுபிடித்து ஜெர்மனியில் இருக்கிறான் என்று கடை கடையாகச் சொல்லிவிட்டு வருகிறார்.

போனில் நான் தொடங்கினாலே பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே நம் ஆய்வுக்கூடத்தில் புதிய பளிங்கு ஒன்று வளர்த்து, பிளாஸ்டிக் இடுக்கியால் மட்டும் தொட்டு, இந்தியாவுக்கு அனுப்பி மூன்று முறை அளந்தாயிற்று. இலத்திரன்களின் தற்சுழலும் கருவைச் சுற்றும் ஒழுக்கும் ஒன்றையொன்று பிணைத்து, எதிரெதிராகவே அடுக்காக நிற்கின்றன. நாம் எழுதியபடி சமச்சீர் உடையவில்லை. எல்லாம் கழிந்து வெளியே காந்தமே தெரியவில்லை. காந்தம் இருப்பதாக நாம் எழுதிய கட்டுரை பிழை.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரே பிளாஸ்டிக் இடுக்கியும் உடைந்தது. வேறு வாங்க வழியில்லை. என் கைப்பையில் கிடந்த, புருவம் எடுக்கும் இரும்பு இடுக்கியால் நான்தான் பளிங்கைத் தூக்கினேன். அதிலிருந்து ஒட்டிய இரும்புத் தூளின் காந்தத்தைத்தான் நாம் அளந்திருக்கிறோம். இப்போது அந்தப் பழைய பளிங்கை அமிலத்தில் கழுவினேன். கழுவிய நீரோடு காந்தமும் போய்விட்டது.

முதல் முறை போனில் சொன்னபோது, யாரு திரும்ப அளந்து பாக்கப் போறாங்க, விடு சுகிர்தா என்றீர்கள். அந்தக் கட்டுரையால் கிடைத்த உங்கள் வேலை போகும், என் விசா போகும், மாமா வெளியே தலைகாட்ட மாட்டார். எல்லாம் தெரியும். நானும் பயந்து இரண்டு கிழமை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சும்மா இருந்துவிட்டால் தைப்பொங்கலுக்கு உங்களோடு இருப்பேன். உங்களைப் பார்த்து இரண்டரை வருடமாகிறது.

ஆனால் நதாவைப் பற்றி நீங்கள்தானே சொன்னீர்கள். உங்கள் குழுவில் அந்தப் பெண் ஒன்றரை வருடமாக நம் பளிங்கையே திரும்பத் திரும்பச் செய்கிறாள், காந்தம் வருவதில்லை, வேலை சுத்தமில்லை என்று பேராசிரியர் ஏசுகிறார், படிப்பை விட்டுவிடப் போகிறாள் என்று. சொல்லும்போது சிரித்தீர்கள். அவள் வேலை சுத்தமாக இருப்பதால்தான் காந்தம் வரவில்லை, ஜனகன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை என்னுடையது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. நீங்கள் போடாவிட்டாலும் நான் அனுப்பத்தான் போகிறேன்.

கோபம் இருந்தால் என்மீது இருக்கட்டும். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் நதாவிடம் போய், உன் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லி அவள் அறிவதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
சுகிர்தா