இரண்டு தாள், ஒரே தலைப்பு

3 மார்ச் 1997, திங்கள்

ரயிலுக்கு நேரமிருந்ததால் பிரிக்பீல்ட்ஸ் முனையில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை வாங்கினேன். கடலை தீர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்தால் — எங்கள் ஆபீஸ் இமெயில்! ஓரத்தில் முதலாளி பாலசுந்தரம் சாரின் பச்சை மை: "இந்த ஆளை நம்ப வேண்டாம்." எந்த ஆள் என்பதை எண்ணெய்க் கறை மறைத்துவிட்டது. கிள்ளான் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

4 மார்ச், செவ்வாய்

பொட்டலத்தை முதலாளி மேஜையில் வைத்தேன்.

எங்கள் இன்ஜினியர் ஆபீசில் இமெயில் வரும் கம்ப்யூட்டர் ஒன்றுதான், அது என் மேஜையில். எல்லாவற்றையும் அச்செடுத்து இன்ஜினியர்களின் தட்டில் வைப்பேன். கம்ப்யூட்டரைத் தொடுவது கௌரவக் குறைச்சல் அவர்களுக்கு. பதிலைத் தாளின் ஓரத்தில் கிறுக்குவார்கள். நான் அதைத் தட்டச்சு செய்து, கீழே அவர்கள் பெயரைப் போட்டு அனுப்புவேன். பிறகு தாள் பழைய பேப்பர் பெட்டிக்குப் போகும். கூட்டிப் பெருக்கும் மாரியாயி அக்கா அதைக் கடலைக்காரருக்குத் தள்ளிவிடுகிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

"நம்ம ரகசியம் எல்லாம் கடலையோட விக்குதா?" சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "இனி ஒரு தாள் கேட்டா அஞ்சு நிமிஷத்துல கையில இருக்கணும். யாரு செய்வா?"

"நான் செய்றேன் சார்."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசம்."

வாய் முந்திக்கொண்டது. எட்டு மாத இமெயில்! ஆனாலும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஐந்து வருடமாக அடுத்தவர் வார்த்தையைத் தட்டச்சு செய்கிறவள் நான். இது என் வேலை. எப்படிச் செய்வது என்று நான்தான் முடிவு செய்வேன்.

"பேப்பர் அடுக்குறதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்றார் அப்பா. ஆமாம், குதிக்கிறேன்.

6 மார்ச், வியாழன்

மாரியாயி அக்கா விற்காத மூட்டைகள் மாடிப்படிக்குக் கீழே மூன்று இருந்தன! "பேப்பர்னா பேப்பர்தானே சீதா. அதுல என்னா எழுதியிருக்குன்னு எனக்கு எங்க தெரியும்?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு அவரே ஸ்டோர் ரூமுக்கு இழுத்து வந்து தந்தார்.

ரவாங்கில் நடக்கும் கட்டட வேலைக்கு நீல ஃபைல், செராஸுக்கு மஞ்சள், ஸ்ரீ கெம்பாங்கானுக்குச் சிவப்பு. எண் மாறும் முத்திரை ஒன்றும் வாங்கித் தந்தார்கள். ஒவ்வொரு முறை அடித்ததும் தானாக அடுத்த எண்ணுக்குப் போகிறது. சும்மா ஒரு தாளில் ஐம்பது தடவை அடித்துப் பார்த்தேன்.

11 மார்ச், செவ்வாய்

இந்த மனிதர்களுக்குத் தலைப்பு வைக்கவே தெரியவில்லை. "அர்ஜென்ட்." "ஹலோ." "ஹலோ எகெய்ன்." ஒரு மகானுபாவர் தலைப்பே போடுவதில்லை. கட்டட வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர்கள் பாதிப் பேருக்கு "ஃபவுண்டேஷன்" என்ற ஒரே சொல்தான் தெரியும் போலிருக்கிறது. யாருடைய ஃபவுண்டேஷன், எந்த ஊர் ஃபவுண்டேஷன்?

ஆகவே தலைப்பை நம்பாமல் முழுவதையும் படிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, யாரிடமிருந்து, எந்த வேலை. கம்ப்யூட்டரில் உள்ள இமெயிலையும் மூட்டையில் உள்ள கிறுக்கலையும் சேர்த்து ஒரே ஊசியில் குத்துகிறேன். இன்று 96 தாள். மதியச் சாப்பாடு மறந்துபோனது.

18 மார்ச், செவ்வாய்

ஆபீசில் பெரிய கலவரம். ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலையில் அடித்தளத் தூண்களின் பலத்தைச் சோதிக்கும் முன்பே மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். சோதனையில் நான்கு தூண்கள் தேறவில்லை. போட்டதையெல்லாம் உடைக்க வேண்டும். "ஜனவரி 9, உங்க ஆபீஸ்தான் இமெயில்ல ஓகே சொன்னுச்சு" என்று குத்தகைக்காரர் காட்டுகிறார். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருக்கிறது: "ஓகே, புரொசீட்." கீழே யோகநாதன் பெயர்.

ரவாங், ஸ்ரீ கெம்பாங்கான் இரண்டுக்கும் அவர்தான் இன்ஜினியர். 31ஆம் தேதி விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும்.

மாலையில் ஸ்டோர் ரூமுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சீதா, நான் அப்படி எழுதவே இல்லலா. ஓரத்துல நான் எழுதுன பேப்பர் கிடைக்குமா?"

"எந்த மூட்டையில இருந்தாலும் எடுத்துருவேன் மிஸ்டர் யோகா."

அவர் கவலையில் இருக்கும்போது எனக்குக் கை பரபரத்தது. என்ன பிறவி நான்!

21 மார்ச், வெள்ளி

டிசம்பர் முடிந்தது. ஜனவரி மூன்றாவது மூட்டையில். துப்பறிகிற மாதிரி இருக்கிறது. யோகா எழுதவில்லை என்றால் வேறு யார்? இன்று சாருக்குத் தேநீர் வைக்கும்போது அவரையே ஒரு மாதிரி பார்த்தேன். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை சார்.

26 மார்ச், புதன்

கிடைத்துவிட்டது.

இரண்டு தாள். ஒரே நாள், ஒரே தலைப்பு: "ரீ: ஃபவுண்டேஷன்." இரண்டிலும் யோகாவின் கையெழுத்து. ரவாங்கிலிருந்து வந்ததன் ஓரத்தில் "ஓகே, புரொசீட்." ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்ததன் ஓரத்தில் "டெஸ்ட் முடியும்வரை பொறுக்கவும்."

கம்ப்யூட்டரில் பார்த்தேன். ரவாங்குக்கு "பொறுக்கவும்" போயிருக்கிறது. ஸ்ரீ கெம்பாங்கானுக்கு "ஓகே."

மாற்றி அனுப்பியது யார்? நான். நானேதான். ரவாங்காரன் மறுநாள் போன் போட்டுக் கேட்டிருப்பான், யோகா வாயாலேயே சரின்னு சொல்லியிருப்பாரு, அதோட போச்சு. இந்தப் பக்கம் யாரு கேப்பா? ஓகேன்னு வந்தா எவன் போன் பண்ணுவான்?

ஐயோ, சார் மூஞ்சிய பாத்துட்டு நான் துப்பறிஞ்சேனே.

27 மார்ச், வியாழன்

இந்தத் தாள்கள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மூட்டைக்குள் திரும்பப் போட்டுக் கட்டினால் சனிக்கிழமை கடலைக்காரரிடம் போய்விடும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் காலை முழுவதும் இதைத்தான் நினைத்தேன். யோகா ஒரு முறை எட்டிப் பார்த்தார். "இன்னும் இல்ல" என்றேன். பொய்.

28 மார்ச், வெள்ளி

முத்திரை அடித்தேன். ரவாங் 188, ஸ்ரீ கெம்பாங்கான் 212. முதலில் யோகாவிடம் காட்டினேன். படித்தார். திரும்பப் படித்தார். "பத்து நாளா நான் பைத்தியம்னு நெனச்சுக்கிட்டேன் சீதா. எழுதிட்டு மறந்துட்டேன்னு." நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு இருவருமாக சாரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீ சொல்லலன்னா இது வெளிய வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார்."

"திங்கக்கிழமை குத்தகைக்காரங்க முன்னால இதையே சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

31 மார்ச், திங்கள்

குத்தகைக்காரரின் வக்கீல் நம்பவில்லை. தாளை நேற்று எழுதிச் செருகியிருக்கலாமே என்றார். "அந்த வாரம் வந்த வேற இமெயில் ஏதாவது கேளுங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்! குத்தகைக்காரர் அனுப்பிய ஒன்றையே வக்கீல் கேட்டார்: ஜனவரி 7, கம்பி அளவு பற்றி. ஸ்டோர் ரூமுக்கு ஓடிப் போய் எடுத்து வந்தேன். யோகாவின் ஓரக் கிறுக்கலோடு. இன்னொன்று கேட்டார். அதுவும் வந்தது. ஆறு தாள் கேட்டார், ஆறும் வந்தன. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

யோகா மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தப்பு ஆபீசுடையது, அதாவது என்னுடையது. அப்படியிருந்தும் அந்த ஆறாவது தாளை மேஜையில் வைத்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம். இருந்துவிட்டுப் போகட்டும்.

4 ஏப்ரல், வெள்ளி

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இமெயில் அனுப்பும் வேலை இனி என்னிடம் இல்லை. அவரவர் பதிலை அவரவரே தட்டச்சு செய்ய வேண்டும், தலைப்பில் வேலை எண் கட்டாயம். கம்ப்யூட்டர் என் மேஜையிலிருந்து போய்விட்டது. மேஜையில் அது இருந்த சதுரம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது. கொஞ்சம் அழுதேன். ஸ்டோர் ரூம் சாவி என்னிடமே இருக்கட்டும் என்றார் சார்.

9 ஏப்ரல், புதன்

மூன்று மூட்டையும் காலி. சொன்ன தேதிக்கு ஐந்து நாள் தாமதம். யோகா இரண்டு விரலால் தட்டிக்கொண்டே, "சீதா, 'எஸ்' எங்கலா இருக்கு?" என்று கத்துகிறார். எழுந்து போய்க் காட்டினேன்.

கடைசியாக மிஞ்சியது, பதில்களை மாற்றி அனுப்பியது பற்றி நான் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம். தட்டச்சில் ஒரு பக்கம், கீழே என் கையெழுத்து. ரவாங்கின் நீல ஃபைலா, ஸ்ரீ கெம்பாங்கானின் சிவப்பு ஃபைலா? தப்பு இரண்டுக்கும் சொந்தம். ஒன்றில் மட்டும் வைத்தால் மற்றதில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. நகல் எடுத்து, இரண்டிலும் எண் அடித்து, இரண்டிலும் வைத்தேன்.