மேடத்துக்கு வாங்கிய மீன்

அப்பா,

போன வாரம் எதிர் வீட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. உப்பு இல்லாமல், புளி இல்லாமல், வெறும் தண்ணீரில் துளி மஞ்சள் போட்டு மீன் வேகிற வாடை. குழம்புக்கு வேகிற மீன் ஒரு மாதிரி மணக்கும், பூனைக்கு வேகிற மீன் வேறு மாதிரி. பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காத எனக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் உங்களைத்தான் கைகாட்ட வேண்டும். உங்கள் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். நான் சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களை நினைத்து அழ எனக்கு ஒரு படமோ மாலையோ தேவைப்படவில்லை, மீன் வாடை போதுமாக இருந்தது. என்ன பிழைப்பு பாருங்கள்.

அஸ்தினாபுரம் வீடு அப்போது தெருவிலேயே தனியாக நிற்கும். சுற்றிலும் காலி மனைகள், முள்செடி, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அப்படி ஒரு மழையில்தான் அது மோட்டார் அறைக்குள் வந்து கத்திக்கொண்டிருந்தது. கைக்குள் அடங்குகிற பூனைக்குட்டி. அம்மா, "பால் வேணா ஊத்துங்க, வாசப்படி தாண்டி உள்ள வரக் கூடாது" என்று சட்டம் போட்டாள். மழை விடுவதற்குள் அது உங்கள் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தது. நீங்கள் கிண்டி ஆபீசிலிருந்து ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் மிதித்து, ஓய்ந்துபோய் வந்து நின்றால் கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். "எங்க ஆபீஸ் மேடம் இப்படித்தான் பார்ப்பாங்க" என்றீர்கள். அன்றிலிருந்து அது மேடம். "மேடம் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையையே கழற்றுவீர்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நம் வீட்டில் யாருக்கு என்னவோ அதுதான் மேடத்துக்கும். பருப்பு சாதம், தயிர் சாதம், விசேஷ நாளில் பாயசம். சஷ்டி விரதம் விடாத, முட்டை போட்ட பிஸ்கட் என்று தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுக்கிற மனிதர் நீங்கள். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க பூனை சுத்த சைவம்" என்று பெருமை பேசினீர்கள். தப்பித் தவறி அது ஒரு எலியைப் பிடித்தால் துண்டை வீசி மிரட்டி, எலியை விடுவித்து, காலி மனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவீர்கள். எலிக்கும் நல்லது, மேடத்துக்கும் பாவம் சேராது என்று கணக்கு.

மேடம் வளர்ந்தாள், ஆனால் தேறவில்லை. முடி கொட்டியது. நாற்காலிக்குத் தாவும்போது குறி தவறி விழுந்தாள். ஒரு நாள் பட்டப்பகலில் தண்ணீர்க் குடத்தில் போய் முட்டிக்கொண்டாள். கூடையில் வைத்து, என்னைக் கேரியரில் உட்கார வைத்து, கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனீர்கள். டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்ன சாப்பாடு என்று கேட்டார். நீங்கள் பெருமையாகத்தான் சொன்னீர்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டது நீங்க. இது என்ன பாவம் பண்ணிச்சு? மீன் குடுங்க. போன பார்வை வராது. இருக்கறதாவது நிக்கட்டும்."

"பால் கொஞ்சம் கூடுதலாக் குடுத்தா போதாதா டாக்டர்?"

"பூனை சார் இது."

திரும்பி வரும்போது குரோம்பேட்டை கேட் சாத்தியிருந்தது. ரயில் போகும்வரை நீங்கள் கூடைக்குள் கையை விட்டு மேடத்தின் தலையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கேட் திறந்ததும், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், "குருடாக்கிட்டேனே" என்றீர்கள்.

அடுத்த நாள் காலையில் பால் பவுடர் டின்னுக்குக் கம்பியில் கைப்பிடி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் போய் நின்றீர்கள். கன்னியம்மா அக்கா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்பவள். எத்தனையோ வருஷமாக நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கூவாமல் போனவள். உங்களைப் பார்த்ததும் கூடையைத் தலையிலிருந்து இறக்கவே பயந்தாள்.

"இன்னா சார், வாடை அடிக்குதா? நான் அந்தாண்ட தெருவால போய்க்கிறேன் சார்."

"இல்லம்மா. பூனைக்கு மீன் வேணும்."

அவள் சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. அப்புறம் அது தினசரி ஆனது. "மேடத்துக்கு இன்னிக்கு காரப்பொடி மீனு கீது சார், தல ரெண்டு சேத்துப் போட்டுகீறேன்" என்பாள். நீங்கள் டின்னை நீட்டுவீர்கள், அவள் போடுவாள். முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்து, சுள்ளி எரித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகவைப்பீர்கள். ஆறவைத்து, முள் எடுத்து, பிசைந்து வைப்பீர்கள். அதற்காகக் குளியலையே பின்னால் தள்ளிவிட்டீர்கள். மீன், பிறகு கிணற்றடியில் தலை முழுக்கு, பிறகு விபூதி, பூஜை. அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அங்கயே நில்லுங்க, துணியை அங்கயே போடுங்க" என்று கத்துவாள். மேடத்துக்கு முடி முளைத்தது. பார்வை பாதியோடு நின்றது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டு, யாரும் குறையைக் கண்டுபிடிக்க முடியாதபடி நடமாடினாள்.

அப்போதுதான் பெரிய மாமா எனக்கு இந்த வரனைக் கொண்டுவந்தார். நங்கநல்லூர்க் குடும்பம், நம்மைப் போலவே சைவம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. அதன் பிறகு, எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, நம்மைப் பற்றித் தெருவில் விசாரிக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் நேராக மூலை மளிகைக் கடையில் போய்க் கேட்டார். கடைக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பம், வயலை மனை போட்டு விற்றுவிட்டுக் கடை வைத்தவர். உங்கள்மேல் அவருக்கு உயிர். அந்தப் பிரியத்தில் அவர் சொன்னது இது: "சாரா? தங்கமான மனுஷன். வசதிக்கும் கொறச்சல் இல்ல. ஒரு நாள் தவறாம வாசல்ல மீன் வாங்குறாரு. தைரியமா பொண்ணு எடுங்க."

அவர் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நமக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. மாமா கொதித்துப்போய் வந்தார். "மாப்ளே, சைவம்னு சொல்லி ஏமாத்திட்டோம்ங்கறாங்க. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?" நீங்கள் அன்று மாலையே நங்கநல்லூர் போனீர்கள். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றீர்கள். "பூனைக்குன்னு சொன்னேன். 'தினமுமா?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க."

மறுநாள் மாமா மூலமாகச் சேதி வந்தது. பூனைதான் காரணம் என்றால் பூனை இல்லாமல் இருக்கட்டும். பெண் எடுக்கிற வீட்டு வாசலில் மீன்காரி நிற்கக் கூடாது.

நான் உங்களிடம் வாய்விட்டே சொன்னேன். "இந்த இடம் போனா போகட்டும்ப்பா. நீங்க சொன்னதை நம்பாத வீடு எனக்கு எதுக்கு?" நீங்கள் மேடத்தின் காதைத் தடவிக்கொண்டே, "ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போயிருக்கும்மா. உங்கம்மா சரியா சாப்பிடறதில்ல" என்றீர்கள். அம்மா எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் உங்களை அசைத்தது.

யாரிடமாவது கொடுக்கலாம் என்று அலைந்தீர்கள். கடைக்காரர் தன் வீட்டிலேயே நாலு பூனை இருக்கிறது என்றார். கன்னியம்மா அக்கா, "குப்பத்துல நாய்ங்க கிழிச்சிப் போட்டுடும் சார், கண்ணு வேற தெரியாத ஜீவன்" என்றாள். கடைசியில் மாடம்பாக்கம் சிவன் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாள் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கொண்டுபோன அன்று காலையில் அம்மா தானாக வந்து, பால் ஏட்டை எல்லாம் வழித்துப் போட்டுத் தயிர் சாதம் பிசைந்து மேடத்தின் முன்னால் வைத்தாள். மேடம் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோணிப்பையில் போட்டுச் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டும்வரை கத்தவும் இல்லை. நீங்கள்தான் எங்கேயோ கூட்டிப்போகிறீர்கள் என்று நம்பியிருப்பாள்.

அன்று சாயங்காலமே மேடம் பூக்கார அம்மாளிடமிருந்து ஓடிப்போய்விட்டாள். மறுநாள் நீங்கள் போய்த் தேடினீர்கள், அதற்கு மறுநாளும் தேடினீர்கள். கிடைக்கவில்லை. வீட்டில் அந்தப் பேச்சே நின்றது. எனக்குக் கல்யாணம் ஆனது. மணையில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்ட இடம் இல்லை அப்பா, இவர் நல்ல மனிதர். மாமியார்தான் கடைசிவரை நம்பவில்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, நாக்கு ஊறுதா?" என்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்கு, அதாவது அஸ்தினாபுரத்துக்கு, வரும்போதெல்லாம் அம்மாவுக்கு உங்கள்மேல் ஒரே புகார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுக்கிறீர்கள், வந்ததும் கிணற்றடியில் தலை முழுகுகிறீர்கள். "கோயிலுக்குப் போயிட்டு வந்து யாராவது தலை முழுகுவாங்களாடி? கும்பிட்ட புண்ணியம் எல்லாம் தண்ணியோட போயிடாதா? வயசானா புத்தி இப்படியா ஆகும்?" நானும் உங்களைக் கிண்டல் செய்தேன். "வெயில்ம்மா" என்றீர்கள். மார்கழியிலும் அதே பதிலைச் சொன்னீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் நாற்காலியிலேயே போய்விட்டீர்கள். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது கன்னியம்மா அக்கா வந்தாள். கூடையை மூலை மளிகைக் கடையிலேயே வைத்துவிட்டு, தெருக்குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றாள். "உள்ள வரலாமாம்மா? கவுச்சி அடிக்கும்." அம்மாவே எழுந்து போய், "வாம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "மேடம் போன பொறவும் சார் வுடலம்மா. ஞாயித்துக்கெழம ஆனா மளிகைக் கடையாண்ட வந்து நின்னுகினு இருப்பாரு, டின்ன எடுத்துகினு. நான்தான் வூட்லயே அவிச்சி எடுத்தாந்து குடுப்பேன். கோயிலாண்ட கொண்டுபோய் வெச்சிட்டு, மேடம் மேடம்னு கூப்ட்டுப் பாத்துட்டு வருவாராம். அது எங்க சார் இருக்கப் போவுது, இன்னாத்துக்கு சார் இந்தப் பேஜாருன்னு ஒரு தபா கேட்டேன். 'இருந்தா பசிக்கும் இல்லம்மா'ன்னாரு."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்குத்தான் தலை முழுகினாரா" என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

இப்போது எதிர் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே இருப்பது வேலைக்குப் போகிற ஒரு பெண், தனியாக இருக்கிறாள், சாம்பல் நிறத்தில் ஒரு பூனை வைத்திருக்கிறாள். நேற்று கதவைத் தட்டினாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போக வேண்டும், பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "பிரிஜ்ல மீன் இருக்கு ஆன்ட்டி, ஆனா நீங்க சைவம்..." என்று இழுத்தாள். "சாவியைக் குடும்மா" என்றேன்.

இன்று காலையில் போய் அவள் அடுப்பில் வேகவைத்தேன். துளி மஞ்சள் போட்டேன். ஆறவிட்டு உட்கார்ந்து முள் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் மாப்பிள்ளை அந்த வீட்டு வாசலில் நிற்கிறார், மூக்கைப் பொத்தவில்லை.

"உங்கப்பா நிஜமாவே பூனைக்குத்தான் வாங்கினாரா?"

அவர் அம்மா கேட்கிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அந்தப் பூனை என்ன ஆச்சு?"

"தெரியலைங்க" என்றேன். மீனைப் பிசைந்து தட்டில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வர மாட்டேன் என்றது. அதற்கு ஏதோ ஒரு நாகரிகமான பெயர் உண்டு, எனக்கு வாயில் நுழையவில்லை. "மேடம், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு என் விரலையும் நக்கியது.

குளித்துவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டும். ஏற்றுகிறேன் அப்பா, அவசரமில்லை. கையைக்கூட இன்னும் கழுவவில்லை. அந்தக் கையோடுதான் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.